ரொட்டித் துணுக்கும் மயிலிறகுத் தக்கையும்

1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்துப் பேசிய பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் பத்தே ஆண்டுகளில் சுத்தமாக வேண்டும் என்றார். எந்த அளவுக்குச் சுத்தம் என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் யாருக்கும் புரியக்கூடியது. அந்த ஆறுகளில் மீன் பிடிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். அவர் அப்படிப் பேசியபோது நான் நான்கு வயதுப் பையன். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றை அளந்து பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன் என்ற பெருமை எனக்கு இன்றும் உண்டு. என் அளவுகோல் துணி காயப்போடும் மூங்கில் கழியும், கோப்பிக்கடையில் சும்மா கிடைத்த ரொட்டியும்.

எங்கள் வீடு சைனாடவுன் ஓரத்தில், ஜாலான் குக்கோவில் இருந்தது. தெற்கே நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில், வடக்கே இறங்கினால் ஆறு. கோவிலுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஆற்றுப் பக்கம் போனால் அம்மா குளிக்கச் சொல்லித்தான் வீட்டுக்குள் விடுவார். அப்படியொரு நாற்றம். தொங்காங் படகுகளின் எண்ணெய், சந்தைக் கழிவு, மேலே பண்ணைகளிலிருந்து வடிந்தது எல்லாம் சேர்ந்து தண்ணீர் கறுப்பாக நிற்கும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தைக் கடப்போம்.

அந்த ஆறு மாறியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை நாங்கள். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடிகளுக்கு மாறினார்கள். எங்கள் பக்கத்துச் சந்துகளில் கடை போட்டிருந்தவர்கள் 1983இல் கிரேத்தா ஆயரில் கட்டிய பெரிய கட்டடத்துக்குள் போனார்கள். அதே ஆண்டில் சுமார் 800 படகுகளும் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன. ஆற்றில் அன்றைக்கு விழுந்த அமைதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி விட்டு வந்து பாலத்தின் மேல் நின்றேன். கீழே தண்ணீர் தெரிந்தது. அதற்கு முன்னால் படகுகள்தான் தெரியும்.

மீன் திரும்பியதை முதலில் கண்டுபிடித்தவர் என் பெரியப்பா. கும்பகோணத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரைக் கிராமத்திலிருந்து 1950இல் கப்பலேறி வந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று எங்களோடு இருந்தார். ஊரில் தூண்டில் போட்டு வளர்ந்த கை. இங்கே முப்பது ஆண்டுக்கு மேல் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் இருந்தது. ஒருநாள் மாலை ஆர்ட் பாலத்துக்குப் பக்கத்தில் கல் படிக்கட்டில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "தம்பி, நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வாடா. வேலை இருக்கு" என்றார்.

தக்கைதான் அவருக்கு முதல் கவலை. ஊரில் மயிலிறகுக் காம்பில் செய்வார்களாம். இந்த நகரத்தில் மயிலிறகுக்கு எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. தைப்பூசம் தெரிந்த எந்தத் தமிழ்ப் பையனும் கேட்க மாட்டான். சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரைக்கும் காவடிகள் போகும் நாளில் ஊரே மயிலிறகாக இருக்கும். அதில் உதிர்ந்ததைப் பொறுக்கலாம் என்று நான் சொன்னதும் அம்மா கண்டித்துவிட்டார். முருகனுக்குச் சுமந்ததைக் கொண்டுபோய் மீன் பிடிப்பதா? பெரியப்பாவும் அம்மா பக்கம்தான். சிராங்கூன் ரோட்டில் காவடி கட்டித் தருகிற நண்பர் ஒருவர் அவருக்கு உண்டு. காவடியில் செருகுவதற்கு முன் இறகின் அடிக்காம்பை நறுக்கிப் போடுவார்கள். குப்பைக்குப் போகும் அந்தத் துண்டுகளை ஒரு காகிதப் பையில் வாங்கிவந்தார். வெள்ளை வெளேரென்று, உள்ளே நெட்டியைப் போன்ற சோறு நிறைந்த காம்புகள். ஒரு சாண் நீளம் இருந்தால் போதும்.

அதைத் தக்கையாக்கும் வேலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபுறமும் சவரப் பிளேடால் நறுக்கி, தண்ணீர் ஏறாமல் இருக்க முனைகளை மெழுகில் தோய்த்தார். மேல்முனைக்கு அக்காவின் சிவப்பு நகச்சாயம். பிறகு சைக்கிள் வால்டியூபை மோதிரம் மோதிரமாக வெட்டி, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் மாட்டினார். அந்த இரண்டு ரப்பர் வளையத்துக்குள் தங்கூஸ் நரம்பை நுழைத்துவிட்டால் தக்கை இருந்த இடத்தில் நிற்கும், நகர்த்தினால் நகரும். நம் ஆற்றில் அது மிகவும் முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கொள்ளிடம் ஒரு திசையில் ஓடும். அன்றைய சிங்கப்பூர் ஆறு கடல் ஏறும்போது உள்ளே ஓடும், இறங்கும்போது வெளியே ஓடும். ஒரு மணி நேரத்தில் ஆழம் மாறிவிடும். அதற்கேற்பத் தக்கையை ஏற்றியோ இறக்கியோ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆழம் பார்க்க அவர் செய்த வழி எளிது. முள்ளில் ஒரு இரும்பு நட்டைக் கோத்துத் தண்ணீரில் விடுவார். தக்கை முழுகினால் ஆழம் அதிகம், படுத்துக்கிடந்தால் குறைவு. சிவப்பு முனை மட்டும் தெரிகிற அளவு வரும்வரை ரப்பரை நகர்த்துவார். அதன் பிறகே இரை. பத்து நிமிடம் இதற்கே போகும். எனக்குப் பொறுமை இருக்காது. "அடி தெரியாம போட்டா, மீன் இல்லாத எடத்துல நாள் பூரா உட்கார்ந்திருப்ப" என்பார்.

இரை விஷயத்தில்தான் எங்கள் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது வாத்தியார் வந்தார். அவர் ஒரு சீனப் பெரியவர், நாங்கள் ஆ பெக் என்று கூப்பிடுவோம். படகுத் தொழிலாளியாக இருந்தவர். ரீட் பாலத்தில் அந்தக் காலத்தில் வேலை முடிந்த படகுக்காரர்கள் மாலையில் கூடிக் கதை கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் தானும் இருந்ததாகச் சொல்வார். பெரியப்பாவுக்குத் தியோச்சியூ தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் சந்தை மலாய் போதுமாக இருந்தது. உம்பான் (இரை) என்ன, ஆயர் (தண்ணீர்) ஏறுதா இறங்குதா, இக்கான் (மீன்) இருக்கா. இந்த மூன்று கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா மண்புழுக்காரர். பேர்ல்ஸ் ஹில் சரிவில் மழைக்குப் பிறகு ஈர மண்ணைக் கிளறி ஒரு டின் நிறைய எடுத்துவருவார். ஆ பெக் புழுவைத் தொடமாட்டார். அவர் ரொட்டிக்காரர். கோப்பிக்கடையில் காயா ரொட்டி போடும்போது கருகிய மேலோட்டைச் சீவி எறிவார்கள். அதற்கு அடியில் ஒட்டிவரும் வெள்ளைப் பகுதி அவருக்குக் காசில்லாமல் கிடைத்தது. அதை முள்ளில் வைக்கும் விதத்தை என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். நகத்தளவு கிள்ளி, முள்ளின் தண்டில் மட்டும் இரண்டு விரலால் அழுத்த வேண்டும். ஓரங்களை அழுத்தவே கூடாது. தண்ணீரில் விட்டதும் ஓரம் பஞ்சாக விரியும், மெதுவாக இறங்கும். இறங்கும்போதே மீன் பார்த்துவிடும். உருண்டையாகப் பிசைந்து வைத்தால் கல்லாக அடியில் போய்க் கிடக்கும்.

நீரோட்டம் வேகமாக இருக்கும் நாளில் ரொட்டி கரைந்துபோகும். அப்போது வீட்டு ரொட்டிமாவு. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, சிட்டிகை சர்க்கரையும் மருந்துக்கடைப் பஞ்சில் சில இழைகளும் சேர்ப்பார் பெரியப்பா. அந்த இழை மாவை முள்ளில் பிடித்துவைக்கும். பல ஆண்டு கழித்து, 1653இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஐசக் வால்டனின் தூண்டில் நூலைப் படித்தபோது, இரைமாவில் தேனோ சர்க்கரையோ சேர்த்து, முள்ளில் நிற்கக் கம்பளி இழையையும் கலக்கச் சொல்லியிருந்ததைக் கண்டு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொள்ளிடக் கரையில் பள்ளிக்கூடம் போகாத ஒருவருக்கும் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய இங்கிலாந்துக்காரருக்கும் ஒரே யுக்தி தோன்றியிருக்கிறது. ஆற்றுக்கும் மீனுக்கும் முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் அது தோன்றும் என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தில் சால்மனும் டிரவுட்டும் பணக்காரர்களின் மீன்கள். மற்ற ஆற்று மீன்களைத் தக்கையும் ரொட்டியும் புழுவும் கொண்டு பிடிப்பது தொழிலாளி வர்க்கத்தின் ஞாயிற்றுக்கிழமையாக அங்கே வளர்ந்தது. எங்கள் படிக்கட்டும் அந்த வகைதான்.

எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு மீன்கள். ஒன்று மடவை. கடல் ஏறும்போது கூட்டமாக உள்ளே வந்து, இறங்கும்போது திரும்பிவிடும். ஆங்கிலப் பத்திரிகையில் ஏற்ற இறக்க நேரம் போடுவார்கள். அதைப் பார்த்து எழுதிவைப்பது என் வேலை. மடவை ரொட்டியை உறிஞ்சி உறிஞ்சித் துப்பும். தக்கை நடுங்குவதோடு சரி, முழுகவே முழுகாது. இன்னொன்று திலாப்பியா. ஊரில் ஜிலேபி என்பார்கள். இந்தியாவுக்கு அது 1952இல்தான் வந்தது, அதனால் பெரியப்பா ஊரில் அதைப் பார்த்ததில்லை. இங்கேதான் முதலில் பார்த்தார். ஆ பெக் அதை இக்கான் ஜெப்புன் என்பார். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பரப்பியதால் வந்த பெயர். மரவள்ளிக்கிழங்கும் இந்த மீனும்தான் அந்த மூன்றரை ஆண்டில் தன்னைக் காப்பாற்றின என்று சொல்லும்போது அவர் குரல் மாறும். அந்த மீனை எப்போதும் இரண்டு கையால்தான் பிடிப்பார்.

ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மீனை வெளியூர்க் குப்பை மீன் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உள்ளூர் மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் நன்னீர், உப்புநீர், கலங்கல் நீர் எதிலும் அது பிழைக்கும். செத்துக் கிடந்த ஆற்றுக்கு முதலில் திரும்பிவந்து குடியேறியது எங்கள் கண்ணில் அதுதான். ஒரு மாலை ஆ பெக் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கீழ்ப்படிக்குப் பக்கத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு பெண் மீன் அசையாமல் நின்றது. அதன் முகத்தைச் சுற்றி எள்ளளவு குஞ்சுகள் மேகமாக மொய்த்தன. என் நிழல் விழுந்ததும் அது வாயைத் திறந்தது. அத்தனை குஞ்சும் வாய்க்குள் போய்விட்டன. வாய் மூடிக்கொண்டது. அது இரை தின்னாது, குஞ்சு பெரிதாகும் வரை பட்டினி கிடக்கும் என்று சைகையில் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் கை நனைக்கவே அஞ்சிய தண்ணீரில் அதைப் பார்த்தேன். ஆறு சுத்தமாகிவிட்டது என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.

திலாப்பியா கடிக்கும் விதம் வேறு. தக்கை முதலில் இரண்டு முறை தலையாட்டும். பிறகு நிற்கும். அங்கேதான் சிறுவர்கள் இழுத்துக் கெடுப்பார்கள். காத்திருந்தால் ஒன்று நடக்கும்: தக்கை சாய்ந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கும், அல்லது முழுகுவதற்குப் பதிலாக மேலே எழும்பித் தண்ணீரில் படுத்துவிடும். படுத்தால், மீன் இரையோடு ஈயக்குண்டையும் தூக்கிவிட்டது என்று பொருள். மணிக்கட்டை மட்டும் திருப்பினால் போதும். மூங்கிலின் நுனியிலிருந்து அந்த உதறல் உள்ளங்கைக்கு வந்து சேரும். ரீல் இல்லாத கழி அது. மீனுக்கும் நமக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை.

கடல் இறங்கும்போது ஓட்டம் பிடித்ததும் பெரியப்பா இன்னொரு வித்தை செய்வார். தக்கையை ஓட்டத்தோடு விட்டு, நரம்பு இறுகும் நேரத்தில் ஒரு கணம் நிறுத்திப் பிடிப்பார். தக்கை நிற்கும். அடியில் இரை மட்டும் முன்னால் மிதந்து எழும்பும். ஓடிவரும் எதையோ துரத்துவது போல மீன் பாயும். கொள்ளிடத்தில் கெண்டைக்குச் செய்தது இங்கே ஜப்பான் மீனுக்கும் பலித்தது. அன்றைக்கு ஆ பெக் தன் கழியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரும் அப்படிப் பிடித்தார்.

பிடித்த மீனை அம்மா வீட்டில் ஏற்றவில்லை. ஆற்றின் பழைய நாற்றம் அவர் மூக்கில் இருந்தது. ஆ பெக் வீட்டில் சாப்பிட்டார்கள். பெரிய வாளியில் குழாய்த் தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு நாள் உயிரோடு வைத்திருந்து, சேற்று வாடை போன பிறகு இஞ்சி போட்டு ஆவியில் அவிப்பார்கள். பெரியப்பாவுக்கும் ஒரு தட்டு வரும். பெரும்பாலான மீன்களை நாங்கள் படியிலிருந்தே திரும்ப விட்டோம். சிறியதும், வயிறு பெருத்ததும் கட்டாயம் போக வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை.

1987 செப்டம்பரில் ஆறு சுத்தமாகிவிட்டதை விழா எடுத்துக் கொண்டாடினார்கள். பத்து ஆண்டு உழைத்த அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். தகுதியானவர்களுக்குத்தான் போனது. அந்தச் செய்தியைப் பெரியப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். "மீன் வந்து நாளாச்சே" என்றார்.

நான் ராணுவ சேவைக்குப் போனதும் படிக்கட்டு மாலைகள் குறைந்தன. ஆ பெக் முதலில் போனார். பெரியப்பா தொண்ணூறுகளின் நடுவில் போனார். கரையில் உணவகங்கள் வந்தன. நான் வேலை, குடும்பம் என்று பீஷான் பக்கம் குடிபோனேன்.

ஆற்றின் குணமே மாறியது 2008இல். அக்டோபர் 31 அன்று மரினா அணைக்கட்டு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 350 மீட்டர் அகலத்துக்கு ஒன்பது எஃகுக் கதவுகள் கடலை வெளியே நிறுத்தின. மழை நீர் உள்ளே நிறைந்து, உப்பு மெல்ல வெளியேறி, 2010இல் அது நாட்டின் 15வது நீர்த்தேக்கமானது. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே சேர்கிறது. தாழ்வான சைனாடவுன் தெருக்களில் கடல் ஏறும்போது நிற்கும் வெள்ளத்துக்கும் அதுவே தடுப்பு. தண்ணீருக்கு அக்கம்பக்கத்து நாட்டை நம்பியிருந்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். மடவை வரும் நேரத்தைப் பத்திரிகையில் பார்த்து எழுதிவைக்க இனி வேலை இல்லை. ஆற்றுக்கு ஏற்றமும் இறக்கமும் நின்றுவிட்டன.

திலாப்பியா இருக்கிறது. ரீட் பாலத்தின் மேலிருந்து குனிந்து பார்த்தால் இன்றும் தெரியும். அதைத் தின்ன நீர்நாய்க் குடும்பங்கள் வந்துவிட்டன. அவை மீனைக் கவ்விக்கொண்டு கரையேறுவதை நின்று படமெடுக்கிற கூட்டத்தில் பல முறை நானும் நின்றிருக்கிறேன். கரையில் தூண்டில் மட்டும் இல்லை. நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் பலகை வைத்துக் குறித்த இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம், அதுவும் செயற்கை இரையால் மட்டும். புழுவும் கோழி ஈரலும் தண்ணீரைக் கெடுக்கும் என்பது காரணம். குடிக்கும் தண்ணீர் என்ற பிறகு அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். மூட்டை மூட்டையாக ரொட்டியைக் கொட்டினால் அது அழுகி, தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்றைத் தின்றுவிடும். விதியை மீறி யாரும் இரை போடக்கூடாது. என் பேரனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் செயற்கை இரை என்றால் பளபளக்கும் பிளாஸ்டிக் மீனும், அதை வீசத் தேவையான கழியும் ரீலும். ஒரு பையன் தன் கைச்செலவுப் பணத்தில் வாங்க முடியாத சாமான்கள் அவை. அதை வீசிச் சுழற்றி இழுப்பது வேறு விளையாட்டு. நல்ல விளையாட்டுதான், குறை சொல்லவில்லை. ஆழம் பார்த்து, ஓட்டம் பார்த்து, தக்கையின் தலையாட்டலைப் படித்து ஒரே இடத்தில் உட்காரும் கல்வி அதில் வராது. என் பேரனுக்குச் சிங்கப்பூர் ஆற்றின் நீளமும் பாலங்களின் பெயர்களும் தெரியும். அந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அவனுக்குத் தெரியாது.

2006இல் கழகம் தொடங்கிய துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள் திட்டத்தின் நோக்கமே மக்களைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான். வாய்க்கால்களைப் பூங்காவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதே கழகத்திடம் ஒன்று கேட்கிறேன். ஆர்ட் பாலத்துக்கும் ரீட் பாலத்துக்கும் நடுவில் ஒரு படிக்கட்டை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும், சிறுவர்களுக்கு ஒதுக்கிக்கொடுங்கள். எதிர்முள் இல்லாத தூண்டில் முள், ஆளுக்கு ஒரே ஒரு துண்டு ரொட்டி, கண்காணிக்க உங்கள் அலுவலர் ஒருவர். தக்கை கட்டச் சொல்லித்தர எங்களைப் போன்ற வயதானவர்கள் சைனாடவுனிலும் தஞ்சோங் பகாரிலும் சிராங்கூன் ரோட்டிலும் இருக்கிறோம். கூலி வேண்டாம். மயிலிறகுக் காம்பை நாங்களே கொண்டுவருகிறோம்.